பின்கட்டில் ஓர் அறை, தலைக்கு மேல் ஒரு தளம்

தை பிறந்து அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் காவிரிப் படுகைக் கிராமங்களில் செங்கல் லாரிகளின் நடமாட்டம் கூடிவிடும். ஊருக்கு வெளியே முளைத்திருக்கும் புது நகர்களில் மட்டும் அல்ல, ஊருக்குள் மூன்று தலைமுறை கண்ட ஓட்டு வீடுகளின் கொல்லைப்புறத்திலும் லாரி நின்று கல் இறக்கும். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். மருமகள் வருவதற்குள் கதவு போட்ட ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு குளியலறையும் வேண்டும். இல்லையென்றால், முழங்கால் தேய்ந்த அப்பாவால் கொல்லைக் கழிப்பறை வரை நடக்க முடியாமல் போயிருக்கும். சிமெண்டும் ஜல்லியும் வந்து இறங்கிய பிறகு, வீட்டில் யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சொல்வார்: “கையோட கையா இந்த ஓட்டையும் பிரிச்சுட்டுத் தளமே போட்டுடலாமே!”

பெரும்பாலான வீடுகளில் தவறு தொடங்குவது இந்த இடத்தில்தான். அறையை நீட்டுவது ஒரு வேலை. கூரையை மாற்றுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்யும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் விட்டுப்போகின்றன. பழைய சுவர் எவ்வளவு சுமக்கும்? புதுச் சுவர் எதன்மேல் நிற்கப்போகிறது? இரண்டும் சந்திக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? இவற்றைப் பேசி முடிக்காமல் டைல்ஸ் கடைக்குக் கிளம்பும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பணமும் ஆசையும் குறைவில்லை. உட்கார்ந்து பேச ஒரு மாலைப்பொழுது மட்டும் வாய்க்கவில்லை.

ஐந்து டன் எங்கே இறங்கும்?

பன்னிரண்டடிக்குப் பதினான்கடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் கூரைக்குச் சுமார் 15 மங்களூர் ஓடுகள் பிடிக்கும். ஓர் ஓடு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கைமரம், ரீப்பர் எல்லாம் சேர்த்தாலும் அந்த அறையின் ஓட்டுக் கூரை மொத்தமாக ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கிவிடும். அதே அறைக்கு ஐந்து அங்குல கான்கிரீட் தளம் போட்டால், கான்கிரீட்டின் எடை மட்டும் ஐந்து டன். அதற்கு மேல் வெயிலுக்கும் மழைக்கும் சுண்ணாம்பு ஜல்லித் தளமும் தட்டோடும் பதித்தால் இன்னும் இரண்டரை டன் கூடும். ஆள் நடமாட்டம், தண்ணீர்த் தொட்டி, பின்னாளில் மாடியில் எழப்போகும் அறை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த எடை இறங்குவது எதன்மேல்? படுகையின் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனமாக இருக்கும். கையால் தட்டிப் பார்த்துவிட்டு “கோட்டை மாதிரி நிக்குது, எதையும் தாங்கும்” என்பார்கள். வெளியே சுண்ணாம்புப் பூச்சு வழவழப்பாக இருக்கும். ஓரிடத்தில் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால், மெல்லிய செங்கற்களுக்கு நடுவே இருப்பது பல வீடுகளில் மண் சாந்து. கட்டியவர்கள் அதைத் தெரிந்தேதான் அவ்வளவு கனமாகக் கட்டினார்கள். அந்தச் சுவர் ஓட்டின் எடையைச் சீராகப் பரப்பி வாங்கும். ஒரு பீமின் முனை ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்தினால் மண் சாந்து நொறுங்கும். அடியில் தண்ணீர் ஊறியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

எனவே தளம்தான் வேண்டும் என்று குடும்பம் முடிவெடுத்தால், நேர்மையான வழி, பழைய சுவரைச் சுமைதாங்கும் வேலையிலிருந்து விடுவிப்பது. தனி அஸ்திவாரம் எடுத்து, கான்கிரீட் தூண் எழுப்பி, பீம் கட்டி, அதன்மேல் தளம் போட வேண்டும். பழைய சுவர் அறையை மறைக்கும் சுவராக மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். செலவு கூடும்தான். அந்தச் செலவுக்குக் கையில் பணம் இல்லை என்றால் தளத்தைத் தள்ளிப்போட வேண்டுமே தவிர, தூணைத் தவிர்க்கக் கூடாது. “சுவத்து மேலயே லிண்டல் பெல்ட் ஓட்டிட்டுத் தளத்தை ஏத்திடலாம்” என்று சொல்லும் மேஸ்திரியிடம், பூச்சைப் பெயர்த்துச் சாந்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்த்துவிட்டுத் தைரியமாகச் சொல்பவர் இருக்கலாம். பார்க்காமல் சொல்பவரை நம்பி ஐந்து டன்னைத் தலைக்கு மேல் ஏற்றக் கூடாது.

ஓட்டைப் பிரிக்கும் முன்

ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் ஓட்டுக் கூரையைப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் உடைந்த சில ஓடுகளும், குரங்கும் பூனையும் நகர்த்திய வரிசைகளும், இற்றுப்போன ரீப்பர்களும்தான். ஓடு மாற்றும் ஆட்கள் வருடந்தோறும் ஆனி, ஆடியில் வந்து பிரித்து அடுக்கிய காலத்தில் அந்தக் கூரைகள் ஒழுகவில்லை. அந்தத் தொழிலாளர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மையான சிக்கல். நாட்டு ஓடு வேயத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டில் அந்தச் சிரமம் குறைவு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூர் ஜெப்புவில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அந்த ஓடு, ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும்படி வார்க்கப்பட்டது. நாட்டு ஓட்டைப் போல அடுக்கடுக்காகப் போட வேண்டியதில்லை. உடைந்த ஒன்றை மட்டும் தூக்கி மாற்றலாம்.

மரத்தின் நிலையைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியைத் தட்டிப் பார்ப்பார்கள். உத்தரமும் கைமரமும் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். அங்கேதான் ஈரம் தங்கும், கரையான் ஏறும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்த வேண்டும். கால் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மரம் திடமாக இருக்கிறது. அழுத்தியதும் உள்ளே போனால், அந்த முனையை வெட்டி எடுத்துவிட்டு இரும்புத் தகடு வைத்து ஒட்டுப் போடலாம். முழு மரத்தையும் எறிய வேண்டியதில்லை. வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களும் பழைய தேக்கு உத்தரங்களும் இன்று புதிதாக வாங்க முடியாத பொருட்கள். வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பழைய மரம் எடுக்கும் வியாபாரிகள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். விலையை அவர்கள்தான் சொல்வார்கள். பிரித்த மரத்தை மழை படாமல் அடுக்கிவைத்தால் புது அறையின் நிலைக்கும் கதவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அதுவே போதும்.

கூரை மரம் உண்மையிலேயே தேறாது என்றாலும் கான்கிரீட் ஒன்றுதான் மாற்று என்று இல்லை. இரும்புக் குழாயில் டிரஸ் செய்து, மேலே மங்களூர் ஓடும் அதற்கு அடியில் சீலிங் ஓடும் போடும் முறை இப்போது சிறு ஊர்களிலும் வந்துவிட்டது. இரண்டு ஓட்டுக்கும் நடுவில் காற்று இருப்பதால் சித்திரை வெயில் நேரடியாக இறங்காது. சுவருக்கும் பாரம் குறைவு. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய இன்னொரு முறையும் உண்டு. தளத்தின் அடிப்பாதியில் இருக்கும் கான்கிரீட் சுமையைத் தாங்குவதில் பெரிய பங்கு எடுப்பதில்லை. கம்பிதான் அங்கே இழுவையை வாங்குகிறது. ஆகவே கம்பிகளுக்கு இடையில் பழைய மங்களூர் ஓடுகளைச் சோடியாக வைத்து, அந்த அளவுக்குக் கான்கிரீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். அறைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் செம்மண் நிறத்தில் ஓடுகள் வரிசையாகத் தெரியும். பிரித்த ஓடுகளில் நல்லவற்றைப் பொறுக்கி இதற்குப் பயன்படுத்தினால் தாத்தா போட்ட ஓடு பேரன் அறையின் தளத்துக்குள் போய்ச் சேரும். ஆனால் கம்பியின் இடைவெளியை ஓட்டின் அளவுக்கேற்ப வகுத்துக் கொடுக்கப் பொறியாளர் ஒருவர் வேண்டும். பார்த்துச் செய்துவிடலாம் என்று இறங்கும் வேலை இது அல்ல.

இதையெல்லாம் சொல்லும்போது, கஜாவைக் கண்ட குடும்பங்களிடம் ஓட்டின் பெருமை பேசும் உரிமை எனக்கு இல்லை என்பதையும் உணர்ந்தே எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலில் ஓடும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்ததைப் பார்த்தவர்கள், தலைக்கு மேல் கான்கிரீட் வேண்டும் என்று நினைப்பதில் முழு நியாயம் இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் ஓர் அறையாவது தளம் போட்டதாக இருப்பது நல்லது. புதிதாக நீட்டும் பின்கட்டு அறையே அதுவாக இருக்கட்டும். முன்கட்டின் ஓட்டுக் கூரையை வைத்துக்கொள்பவர்கள், கைமரங்களைச் சுவர்மேல் சும்மா உட்கார வைக்காமல், சுவர்த் தலைப்பில் போல்ட் இறக்கி இரும்புப் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். புயல் கூரையை மேலே இருந்து அமுக்குவதில்லை. கீழே புகுந்து தூக்குகிறது.

ஓர் அங்குல இடைவெளி

புது அறையைப் பழைய சுவரோடு சேர்ப்பதற்குக் கொத்தனார்களுக்குப் பழகிய வழி, பல் விட்டுக் கட்டுவது. பழைய சுவரில் வரிக்கு வரி கல்லைப் பெயர்த்து, அந்தப் பள்ளத்தில் புதுக் கல்லைச் செருகிப் பிணைப்பார்கள். பார்க்க உறுதியாகத் தெரியும். இரண்டு மழைக்காலம் போனதும் அந்தச் சந்தில் தலையிலிருந்து கால்வரை ஒரு விரிசல் ஓடும். கொத்தனார் கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று வீட்டுக்காரர் வருத்தப்படுவார். சிமெண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படுகையில் பல இடங்களில் அடிமண் களி. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். பழைய வீடு எத்தனையோ ஐப்பசிகளைப் பார்த்து, உட்கார வேண்டிய அளவு உட்கார்ந்து முடித்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் உட்காரப் போகிறது. ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று இறங்க, இரண்டையும் பல்லால் பூட்டியிருந்தால் பூட்டிய இடம் கிழியும்.

புது அறைக்கு நான்கு பக்கமும் தனக்கென்று சுவரோ தூணோ இருக்கட்டும். பழைய சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. கட்டும்போது அதில் தெர்மோகோல் தகட்டை வைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் வெளிப்பக்கம் இளகிக் கொடுக்கும் சீலன்ட் அடைத்து, மேலே ஒரு பக்கம் மட்டும் திருகிய அலுமினியப் பட்டையால் மூடுவார்கள். இரு பக்கமும் திருகிவிட்டால் பட்டை வைத்ததே வீண். ஒரே சுவரை இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்து மிச்சம் பிடிக்கும் தொகை, பின்னால் வருடா வருடம் விரிசல் பூசுவதில் போய்விடும்.

வானம் தோண்டும்போதும் கவனம் வேண்டும். பழைய சுவரின் அஸ்திவாரம் சுவரைவிட அகலமாக இரு பக்கமும் நீண்டிருக்கும். அதை ஒட்டியே, அதைவிட ஆழமாகப் புது வானம் எடுத்தால் பழைய அஸ்திவாரத்தின் அடிமண் சரிந்து குழிக்குள் வரும். தூண்களைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் போட்டு, அங்கிருந்து பீமையும் தளத்தையும் பழைய சுவர் வரை நீட்டிக்கொள்வது பாதுகாப்பு. ஒட்டித்தான் தோண்டியாக வேண்டும் என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல், நாலடி நாலடியாகத் தோண்டி, நிரப்பி, அடுத்ததற்குப் போக வேண்டும். நல்ல மேஸ்திரிகளுக்கு இது தெரியும். அவசரப்படுத்தும் வீட்டுக்காரர்களிடம்தான் அவர்களும் தோற்றுப்போகிறார்கள்.

தரைமட்டம் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் சாலை மேல் சாலை போட்டு உயர்ந்துவிட்டதால் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கின்றன. புது அறையை மட்டும் இரண்டடி உயர்த்திக் கட்டினால், நடுராத்திரியில் அந்தப் படியில் தடுக்கி விழப்போவது யாருக்காக அந்த அறையைக் கட்டினோமோ அந்த வயதானவராகத்தான் இருக்கும். அரையடிக்குள் உயர்த்தி, படிக்குப் பதில் சரிவு கொடுங்கள்.

இறவாணத் தண்ணி எங்க போவும்?

நீடாமங்கலம் பக்கம் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் பின்கட்டு எடுத்தபோது நடந்தது இது. கொல்லைப்புறத் தாழ்வாரத்தை ஒட்டி அறை வருவதாகத் திட்டம். மேஸ்திரி நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்திருந்தார். அண்ணன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கோட்டுக்கு உள்ளே வந்து நின்றார். தலைக்கு மேல் ஓட்டின் விளிம்பைப் பார்த்தார், காலடியில் கோட்டைப் பார்த்தார்.

“மேஸ்திரி, இறவாணத் தண்ணி எங்க போவும்?”

“அதுக்கென்னம்மா, சுவத்தை ஒட்டி ஒரு தகரம் அடிச்சு விட்டுடலாம்.”

“அடமழையில இந்தக் கூரைத் தண்ணி பூரா இந்தப் பக்கம்தான் ஊத்தும். அம்புட்டையும் ஒரு தகரம் வாங்குமா?”

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அனுபவசாலி. தான் சொன்னதைவிட அந்த அம்மா கேட்டது சரி என்று ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. “தம்பி, அறையை மூணடி தள்ளிக்குவோம்” என்றார் அண்ணனிடம். கோட்டைக் காலால் அழித்துவிட்டு மறுபடி நூல் பிடித்தார்கள். பழைய தாழ்வாரத்துக்கும் புது அறைக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் திறந்த சந்து ஒன்று விடப்பட்டது. வாசலுக்கு நேரே மட்டும் அதன் குறுக்கே சின்னதாக ஒரு தளம்; நனையாமல் போய்வர. ஓட்டுத் தண்ணீர் வழக்கம்போல் சந்தில் விழுந்து, சிமெண்டு வாய்க்கால் வழியாகக் கிணற்றடித் தொட்டிக்குப் போகிறது. சமையலறை ஜன்னலுக்கு வெளிச்சமும் காற்றும் பழையபடியே வருகின்றன.

வீட்டை நீட்டும்போது படுகிற அல்லல்களில் பாதிக்கு விடை அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கைப் பாருங்கள். அறுபது சதுர மீட்டர் ஓட்டுச் சரிவு. ஓர் இரவில் ஐந்து சென்டிமீட்டர் மழை. படுகையில் ஐப்பசியில் இது அதிசயம் இல்லை. மூவாயிரம் லிட்டர் தண்ணீர் அந்த ஒரு விளிம்பில் இறங்கும். சரிவான பழைய கூரை நேராக நிற்கும் புதுச் சுவரில் போய் முட்டினால், அத்தனை தண்ணீரும் அந்த மூலைக்குத்தான் வரும். தகரம் வைத்தால் முதல் வருடம் தாங்கும். பிறகு முருங்கை இலையும் வேப்பம்பூவும் அடைத்து, தண்ணீர் பின்னால் ஏறி, ஓட்டுக்கு அடியில் புகுந்து, சுவர் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மரத்தை நனைக்கும்.

சந்து விட மனை அனுமதிக்காத வீடுகளில் கூடல்வாய் வைத்தே ஆக வேண்டும். அப்படியானால் அதைத் தாராளமாக வையுங்கள். குறைந்தது ஓரடி அகலம். ஆள் இறங்கிக் கையால் சருகை அள்ளும்படி இருக்க வேண்டும். ஒரு குழாய் அடைத்தாலும் இன்னொன்று வேலை செய்யும்படி இரண்டு வடிகுழாய்கள் வேண்டும். தகரத்தின் விளிம்பு ஓட்டுக்கு அடியில் ஒரு சாணாவது உள்ளே போக வேண்டும். சுவர்ப்பக்கம் அதைப் பூச்சுக்குள் காடி வெட்டிச் செருக வேண்டும். சுவர்மேல் வெறுமனே ஒட்டிச் சிலிக்கான் தடவியது அடுத்த கோடையில் உரிந்து வரும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இலேயே கட்டாயமாக்கியது. பின்கட்டு எடுக்கும் நேரம்தான் அந்தக் குழாயைச் சரியாக அமைக்க வசதியான நேரம்.

காலமும் முக்கியம். வாஸ்து நாள் பார்த்து மனை முகூர்த்தம் செய்வது குடும்பத்தின் நம்பிக்கை, பார்த்துக்கொள்ளட்டும். அதோடு வடகிழக்குப் பருவமழையையும் பார்க்க வேண்டும். ஆவணிக்கு மேல் ஓட்டைப் பிரித்தால், தார்ப்பாய்க்குக் கீழே தீபாவளி கொண்டாட நேரும். தையில் தொடங்கி, ஆனிக்குள் கூரை மூடிவிடுவது படுகைக்குப் பொருத்தமான கணக்கு.

தளம் போடும் நாள்

தளம் போடும் நாள் வீட்டில் ஒரு விசேஷ நாள். விடியும் முன்பே மிக்சர் மெஷின் வந்து நிற்கும். சித்தாள்கள் சும்மாடு கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். மதியம் எல்லோருக்கும் கறிச்சோறோ பிரியாணியோ வீட்டுக்காரர் செலவு. இந்தப் பரபரப்பில் வீட்டார் சமையல் பக்கம் போய்விட, மேலே நடப்பதைப் பார்க்க ஆள் இருக்காது. அன்று பொறியாளரோ விவரம் தெரிந்த ஒருவரோ காலையிலிருந்து கடைசிச் சட்டி வரை தளத்தின்மேலேயே நிற்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்றுதான்.

கம்பி பலகையில் படுத்திருக்கக் கூடாது. அடியில் கவர் பிளாக் வைத்து 20 மில்லிமீட்டர் தூக்கியிருக்க வேண்டும். சல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துச் சமாளிப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பதினைந்து இருபது வருடங்களில் தளத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுந்து, துருப்பிடித்த கம்பி எலும்புபோல் தெரியும் வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த 20 மில்லிமீட்டர் கிடைக்காமல் போனதும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

அடுத்தது, மேல்கம்பி. சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் உயிர் மேல்பக்கக் கம்பியில் இருக்கிறது. சுவரிலிருந்து வெளியே நீளும் தளம் கீழ்நோக்கித் தொங்கப் பார்க்கும்; இழுவை மேல்பக்கத்தில் விழும். காலையில் கம்பி கட்டுபவர் அதைச் சரியாகத்தான் கட்டியிருப்பார். சட்டி தூக்கிப் போகிறவர்கள் மிதித்து மிதித்து மதியத்துக்குள் அது அடியில் போயிருக்கும். நடக்க மேலே பலகை போட்டுக் கொடுப்பதும், கான்கிரீட் கொட்டும் நேரத்தில் கம்பி உயரத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் சின்ன வேலைகள். முட்டைப் பிரித்த அன்றே சன்ஷேடு ஆளோடு விழுந்த செய்திகளின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

மூன்றாவது, தண்ணீர். 50 கிலோ மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் என்பது நல்ல அளவு. எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கலவை இளக்கமாக இருந்தால் பரப்புவது எளிது என்பதால் வாளி வாளியாக ஊற்றுவார்கள். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்லும். மழை இறங்குவது அந்தத் துளைகள் வழியாகத்தான். நாம் பார்த்த பன்னிரண்டுக்குப் பதினான்கு அறைக்குச் சுமார் 16 மூட்டை சிமெண்டு ஆகும். மூட்டைக்குப் பத்து லிட்டர் கூடினால் 160 லிட்டர் தண்ணீர் அந்தத் தளத்துக்குள் வேண்டாத விருந்தாளியாக உட்கார்ந்துவிடும். வைப்ரேட்டர் வைத்திருந்தால் இவ்வளவு இளக்கமே தேவைப்படாது.

போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. வகைச் சிமெண்டு, அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. முட்டுப் பிரிப்பதற்கு இந்தியத் தர அமைப்பின் ஐ.எஸ். 456 விதி சொல்வது, நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இவை சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு உரிய குறைந்தபட்ச நாட்கள். பி.பி.சி. மெதுவாக இறுகும் என்பதால் இன்னும் சில நாள் விடுவதே சரி. சென்ட்ரிங் சாமான் வாடகை ஏறுகிறது என்று ஒப்பந்தக்காரர் நச்சரிப்பார். அந்த வாடகையைக் கொடுத்துவிடுங்கள்.

தங்கையின் கையெழுத்து

ஊராட்சியிலோ நகராட்சியிலோ வரைபட அனுமதி வாங்குவது, வீட்டு வரி திருத்தம், மின் இணைப்புச் சுமையைக் கூட்டுவது ஆகியவை அலைச்சல் தரும் வேலைகள் என்றாலும் வழி தெரிந்த வேலைகள். 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை அலைச்சலைக் குறைத்திருக்கிறது. பழைய கட்டடத்தோடு சேர்த்துக் கட்டும்போது அது பொருந்துமா என்பதை உரிமம் பெற்ற பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அதைவிடச் சிக்கலானது பட்டா. பழைய வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கும். ஊரில் இருக்கும் மகன் தன் சேமிப்பையும் நகைக்கடனையும் போட்டுப் பின்கட்டு எடுப்பான். திருமணமாகிப் போன சகோதரிகளுக்கு அது ஒரு செய்தியாக மட்டும் போய்ச் சேரும். இந்து வாரிசுரிமையில் அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டத்தைத் திருத்தியது. 2005-இல் நாடு முழுவதும் மகள்கள் அனைவருக்கும் அந்த உரிமை வந்தது. பிரிக்காத சொத்தின்மேல் ஒருவர் பணத்தில் எழுந்த அறை யாருடையது என்ற கேள்வி, அம்மா இருக்கும்வரை எழாது. அம்மாவுக்குப் பிறகு எழும்போது, கட்டியவனுக்கு அவன் பட்ட கடன்தான் நினைவிருக்கும், தங்கைக்குத் தன்னைக் கேட்கவில்லை என்பதுதான் நினைவிருக்கும். இரண்டும் நியாயமான வருத்தங்கள். வானம் தோண்டுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை கூடி உட்கார்ந்து, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எதுவானாலும் மனமொத்து எழுதிப் பதிவு செய்துவிட்டால், அந்த அறைக்குள் தங்கை சங்கடமில்லாமல் வந்து தங்குவாள். சிமெண்டு விலையை நாலு கடையில் விசாரிக்கும் நாம், இதைப் பேசக் கூச்சப்படுகிறோம்.

வேலை முடிந்து பால் காய்ச்சிய உற்சாகத்தில் உடனே பட்டி பார்த்து, விலை உயர்ந்த பெயின்ட் அடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். முதல் வருடம் வெறும் வெள்ளைச் சுண்ணாம்போடு விட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் புதுச் சுவர் மேல் போகட்டும். அதற்குள் எங்காவது விரிசல் தெரிந்தால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சிமெண்டுப் பாலால் ஒட்டி, பக்கத்தில் தேதியைப் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். மாதங்கள் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் அந்த விரிசல் நின்றுவிட்டது, நிரப்பிப் பூசிக்கொள்ளலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசச் சொல்வதற்கு முன் அஸ்திவாரத்தைப் பார்க்கப் பொறியாளரை வரவழைக்க வேண்டும்.